திருப்பிச் சொல்லு

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுகிறவர். கேட்கிறவர்களுக்கு அது பெரிய பெருமை, கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கு அது பெரிய தலைவலி. எஞ்சினில் என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு சமையலறையிலும் இருக்க வேண்டும் அவருக்கு. செருப்புகள் ஜோடி பிரியாமல் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். விளக்கை அணைத்தால் போதாது, அணைத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, அப்புறம் பழகிப்போனது. அதை எங்கள் மகளிடம் கொண்டுபோய் வைத்தபோதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். நடக்கப் பழகியதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்த குழந்தை இல்லை அவள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஏறி ஒளிந்துகொள்வாள், அப்பாவின் தொப்பிக்குள் வெங்காயத்தைப் போட்டு வைப்பாள். ஆறு வயதில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் இருப்பது பற்பசையா, நுரை தள்ளுகிறதா என்றுகூடத் தெரியாமல் நான் அலறினேன். பிறகும் சில தடவை வந்தது. நரம்பு டாக்டர் அம்மா மருந்து கொடுத்தார், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார், நின்றுவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றும் வரவில்லை.

வலிப்பு நின்றது, கூடவே வாலுவும் நின்றுவிட்டாள். சீப்பை எடுத்து வா என்றால் அறைக்குள் போவாள். போனவள் வரமாட்டாள். எட்டிப் பார்த்தால் கட்டில் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது வலிப்பு இல்லை. கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பாள். எதற்கு வந்தோம் என்பது மட்டும் மனசிலிருந்து நழுவிப் போயிருக்கும். பாடத்தில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அந்த வரி எப்படித் தொடங்கியது என்பது போய்விடும். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டாவது கீழே விழுந்துவிடும். கரும்பலகையில் இருப்பதை அவள் பாதி எழுதுவதற்குள் மற்ற பிள்ளைகள் பையைக் கட்டிவிடுவார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி, பொறுத்திருந்து, அடுத்ததைச் சொன்னால் அழகாகச் செய்வாள். அந்தப் பொறுமைக்கு யாரிடம் நேரம் இருக்கிறது? என்னிடமே பல நாள் இருந்ததில்லை.

டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வலிப்பு உள்ள குழந்தைகளில் நிறையப் பேருக்கு இப்படி உண்டு என்றார். கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம் எல்லாம் பின்தங்கலாம், வலிப்பு நின்ற பிறகும் அது அப்படியே இருக்கலாம், மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எதில் தடுமாறுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை செய்யலாம், மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம், அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் விஷயத்தைச் சொல்லிவைத்தால் அவர்களும் பார்த்து நடந்துகொள்வார்கள் என்றார். இவ்வளவும் சொன்னார். என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது, வலிப்பு நின்றுவிட்டது என்ற ஒன்று மட்டும்தான்.

பரிசோதனையும் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவும் கூடாது என்றார். ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வப்போது உடம்பைச் சோதிப்பார்கள். கண்ணில் கோளாறு, காதில் கோளாறு என்றால் கீழே இறக்கிவிடுவார்கள். வலிப்பு என்ற பேச்சே அங்கே ஆகாது. பெண்ணுக்கு வலிப்பு என்றால் அப்பனுக்கும் இருக்குமோ, வண்டி ஓட்டும்போது வந்துவிடுமோ என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும் என்று பயந்தார். உங்களுக்கு இல்லாத நோய்க்கு உங்களை யார் இறக்கப்போகிறார்கள் என்று டாக்டர் அம்மாவே சிரித்தார். பயம் பிடித்த மனசு சிரிப்பையெல்லாம் கேட்குமா? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். வீட்டிலேயே அந்த வார்த்தையை நாங்கள் சொல்வதில்லை. ‘அது’ என்போம். டாக்டரிடம் பேசும்போது வாலுவை வெளியே பெஞ்சில் பொம்மையோடு உட்கார வைத்துவிடுவோம். தினமும் குடிக்கிற மருந்து எதற்கு என்று அவள் கேட்டால் உடம்பு தெம்பாக இருக்க என்று சொல்லிவைத்தோம்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் டீச்சர் புகார் மேல் புகார் சொல்ல ஆரம்பித்தார். கவனம் இல்லை, அலட்சியம், சொன்னதைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள், ஓட்டுகிறவரும் உதவியாளரும். எதிரே சிக்னல் தெரிந்ததும் ஒருவர் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பச்சை, மஞ்சள் என்றால் மஞ்சள். வாய் சொன்னால் மூளை தூங்காது என்பது அவர்கள் கணக்கு. இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாம் என்ன சொன்னாலும் வாலு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “கை கழுவிட்டு சாப்பிட வா” என்பார். “கை கழுவிட்டு சாப்பிட வரணும்” என்பாள். “அப்படியே சொல்லு. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது” என்பார். அவளும் அப்படியே சொல்வாள். உடனே “சபாஷ்” என்று தலையைத் தடவுவார்.

அந்தச் சபாஷுக்காக அவள் ஏங்கிப்போய் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் திட்டு, வீட்டில் என் அவசரம், இதற்கு நடுவில் அவளுக்குச் சரியாக வருகிற ஒரே காரியம் இதுதான். ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றால் குழந்தை வேறு என்ன செய்யும்? நீளமான வாக்கியங்களைக்கூட அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லப் பழகிவிட்டாள். சொன்னதும் கண்ணை அகல விரித்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அவரும் வேலைக்குப் போகும்போது, பார்த்தாயா, டாக்டருக்குத் தெரியாத வைத்தியம் என்று என்னிடம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுப் போவார்.

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து மேலிருந்து கீழே படிக்கச் சொல்வது என் வேலை. கண்ணாடி போட்டால் கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்று பயப்படுகிற பிள்ளைகள் ஒரு தந்திரம் செய்வார்கள். முன்னால் உட்கார்ந்த ஆள் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, தங்கள் முறை வந்ததும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கூட வந்த அம்மாவுக்குப் பூரிப்பு தாங்காது. நான் ஒன்றும் பேசாமல் பலகையை மாற்றி வைப்பேன். அவ்வளவுதான், பையன் திருதிருவென்று முழிப்பான். வாலு அப்பாவுக்குத் திருப்பிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பால் பொங்கி வந்தால் அடுப்பை அணைத்துவிடு என்று வாலுவிடம் சொன்னேன். அச்சு அசலாகத் திருப்பிச் சொன்னாள். சோப்பு தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் நாற்றம் வந்தது. ஈரத்தோடு துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது, கேஸ் மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. வாலு அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மேடையிலிருந்து பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் திருகி மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். “பால் பொங்கி வந்தா அடுப்பை அணைச்சிடு” என்றாள் ஒரு எழுத்துகூட மாறாமல். சொல்லிவிட்டுச் சபாஷுக்காக என் முகத்தைப் பார்த்தாள். அடிக்க ஓங்கின கையை நான் எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று புரியாமல் அவள் என் ஈர முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டுக்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். போன மாதம்தான் புதிதாக வந்த உதவியாளர் ஒருவரைப் பற்றி வீட்டில் வந்து குதித்தார். அந்த ஆள் சிக்னலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, இவர் பச்சை என்றதற்குப் பச்சை என்றானாம். அப்படிப்பட்டவனை எஞ்சினில் ஏற்றுவதே பாவம், ஆயிரம் பேரைக் கொன்றுவிடுவான் என்று மேலதிகாரி வரைக்கும் போய்விட்டு வந்தார். அதை எடுத்துப் போட்டேன்.

“பாக்காம சொன்னவனை அவ்வளவு திட்டு திட்டினீங்களே. உங்க பொண்ணும் அதைத்தானே பண்றா? வாய் மட்டும்தான் சொல்லுது. உள்ள போகலைங்க.”

“அது வேற, இது வேற” என்றார்.

“என்ன வேற?”

“அவன் சோம்பேறி. இவ குழந்தை. இன்னும் கொஞ்ச நாள் பழகினா சரியாயிடும்.”

எனக்கு வந்த கோபத்தில் பரிசோதனைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. பரிசோதனையில் குறை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் காலத்துக்கும் அது அவள் கூடவே வரும் என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய பயம் வேலையைப் பற்றி மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாலுவை இரண்டாம் வகுப்புக்கு இறக்குவதாகப் பேச்சு. தலைமையாசிரியை, பிள்ளைகள் வாயில் ‘பெரிய டீச்சர்’, ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்றார்கள். வாலுவுக்கு இருப்பது ஒரே ஒரு சிநேகிதி. முன்பல் இரண்டும் விழுந்த பெண், நான் அவளுக்குப் பல்லழகி என்று பெயர் வைத்திருந்தேன். கரும்பலகையில் இருப்பதைத் தன் நோட்டில் எழுதி முடித்துவிட்டு, அதை வாலு பக்கம் நகர்த்தி வைத்துக் காத்திருப்பாளாம். கீழ் வகுப்புக்குப் போனால் அவள் பக்கத்தில் உட்கார முடியாது என்பது மட்டும் வாலுவுக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தட்டின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் மூவரும் போனோம். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சீருடையில் வந்தார். வழியெல்லாம் வாலுவுக்குப் பயிற்சி. பெரிய டீச்சர் என்ன சொன்னாலும் முதலில் திருப்பிச் சொல்லு, சத்தமாகச் சொல்லு, முகத்தைப் பார்த்துச் சொல்லு. அவளும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு அவர் கையைப் பிடித்து நடந்தாள். விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பள்ளிக்கூட வாசலில் கடைசியாக ஒரு தடவை கெஞ்சினேன். வாக்கு கொடுத்திருக்கிறாய் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய டீச்சரின் அறையில் இரும்பு அலமாரி ஒன்று, அதன் மேல் தூசி படிந்த கோப்பைகள், ஒரு பக்கம் நசுங்கிய பூகோள உருண்டை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. கெட்ட மனுஷி இல்லை அவர். வாலுவைப் பக்கத்தில் அழைத்து, என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்தார். வாலுவும் என்ன சாப்பிட்டாய் என்றே திருப்பிச் சொன்னாள். பெரிய டீச்சர் லேசாகப் புருவத்தைத் தூக்கினார், பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு இரண்டு நோட்டுகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இந்த ரெண்டு நோட்டையும் அலமாரி பக்கத்துல இருக்கிற மேஜையில வெச்சிட்டு, ஜன்னலைச் சாத்திட்டு, வெளியில நிக்கிற உங்க டீச்சரைக் கூட்டிட்டு வா.”

வாலு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, அதை முழுவதும், ஒரு சொல்கூட விடாமல், கணீரென்று திருப்பிச் சொன்னாள். பெரிய டீச்சருக்கே அது எதிர்பாராததாக இருந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். வாலு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உதட்டை அசைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார், சபாஷ்.

அதோடு அவள் வேலை முடிந்துவிட்டது. நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டீச்சர் காத்திருந்தார். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நோட்டை வை என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

“போம்மா” என்றார் பெரிய டீச்சர்.

“போம்மா” என்றாள் வாலு.

“ஏன் நிக்கிற?”

“ஏன் நிக்கிற.”

“என்னைக் கிண்டல் பண்றியா?”

வாலு அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். முன்னைவிடச் சத்தமாக, இன்னும் தெளிவாக, “என்னைக் கிண்டல் பண்றியா” என்றாள்.

பெரிய டீச்சர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தன் அறையில் நின்று இப்படிப் பழிப்புக் காட்டின பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார். கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன், இது திமிர் என்றார். திங்கட்கிழமையிலிருந்து கீழ் வகுப்பில் உட்காரட்டும், வளர்ப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே எதையோ எழுதப் பேனாவை எடுத்தார். வாலு இன்னும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டேனே, இன்னும் ஏன் சபாஷ் வரவில்லை என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு நான் மரக்கட்டை இல்லை. வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார்.

“மேடம், அவ கிண்டல் பண்ணல. நான்தான் அப்படி சொல்லச் சொல்லிப் பழக்கினேன்” என்றார். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார். “அவளுக்கு வலிப்பு இருக்கு.”

“அவளுக்கு வலிப்பு இருக்கு” என்றாள் வாலு.

பெரிய டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வாய்ப்பாடு ஓடிக்கொண்டே இருந்தது. வாலு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ ஒன்று அவளுக்குள் மெதுவாகத் திரும்புவது எனக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“யாருக்குப்பா?” என்றாள்.

என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சீருடையோடு அந்தத் தரையில் அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எஞ்சினில் எத்தனையோ விபத்தைத் தாண்டி வந்த மனிதர், எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“உனக்குத்தான்டா கண்ணு.”

அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நோட்டுகளைக் கீழே வைக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக யோசித்தாள். அவ்வளவு நேரம் அவளை யோசிக்க விட்டு நாங்கள் யாரும் காத்திருந்ததே இல்லை.

“அதனாலதான் எனக்கு மறந்து மறந்து போயிடுதா?”

“ஆமாம்மா.”

“நான் வேணும்னு பண்ணலையா?”

“இல்லடா. நீ வேணும்னு எதுவும் பண்ணல.”

அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்க்க எனக்கு வலித்தது. தான் வேண்டுமென்றே செய்கிறோமோ என்று இந்தக் குழந்தை இத்தனை நாள் தனக்குள்ளேயே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப நான் பல்லழகி பக்கத்துலயே உக்காரலாமா?” என்று கேட்டாள்.

அவள் அப்பாவைத்தான் கேட்டாள். மூன்று பேரும் பெரிய டீச்சரைப் பார்த்தோம்.